எமர்ஜென்சி வார்டில் முடிந்த பட்டிமன்றம்

வலி அடுத்தவருடையதாக இருக்கும்வரை, என்னைப் போன்ற துணிச்சல்காரன் திருவேற்காட்டில் கிடையாது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். மருத்துவச் செலவைக் குறைக்கத் தேவை அரசின் கட்டுப்பாடா, நம் மனக்கட்டுப்பாடா? மருந்து விலைக்கும் பரிசோதனைக் கட்டணத்துக்கும் அரசு கடிவாளம் போட வேண்டும் என்ற அணிக்கு என் மனைவி ஸ்டெல்லா தலைவி. எதிரணிக்கு நான். (வீட்டில் பேச முடியாததை மைக்கிலாவது பேசலாமே.)

"தும்மினால் ஸ்கேன், ஏப்பம் வந்தால் ஈசிஜி. டாக்டரே வேண்டாம் என்றாலும் நாம் விடுவதில்லை. பயத்தை விடுங்கள், பாதிச் செலவு குறைந்துவிடும்" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். அந்தக் கிறக்கத்தில், மேடைக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்த மிளகாய் பஜ்ஜியில் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஸ்டெல்லா பேச எழுந்தாள். என் நெஞ்சின் மேல் யாரோ கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்தார்கள். வியர்த்தது. இடது கை மரத்துப்போனது. (அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.)

"ஸ்டெல்லா, நெஞ்சு வலிக்குது."

அவள் மைக்கை விடவில்லை. "பாருங்க நடுவர் அவர்களே, பதில் இல்லைன்னதும் எதிரணி நெஞ்சைப் பிடிக்குது."

இதற்கு என்னுடையதைவிடப் பெரிய கைதட்டல். அது ஓய்வதற்குள் நான் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தேன். ஸ்டெல்லா மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

வாசல் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஏழுமலைதான் அள்ளிப்போட்டுக்கொண்டு பறந்தார். "இன்னா சார், பயத்த உடுங்கன்னு இப்பதானே கத்திகினு இருந்தே?"

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்தார். "எல்லாம் நார்மல் சார். வெறும் கேஸ்தான். மாத்திரை தரேன், வீட்டுக்குப் போங்க."

"ஸ்கேன்?"

"தேவையில்ல."

"ஆஞ்சியோ?"

"தேவையே இல்ல சார்."

"ஒரு நாளாவது ஐசியூல வச்சுப் பாருங்க டாக்டர். இப்ப லேசா தலை வேற சுத்துது. தலைக்கும் ஒரு ஸ்கேன் போட்டுடுங்க."

பக்கத்தில் அதுவரை அழுதுகொண்டிருந்த ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலையில ஒண்ணும் இருக்காது டாக்டர். எழுதியே தரேன்."

திரைக்கு அப்பால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். விலக்கிப் பார்த்தால், பொன்னாடை கலையாமல் நடுவர் அருளப்பன் சார். பின்னால் இரண்டு அணிகளும், ஷேர் ஆட்டோக்களில் ஏறி வந்த பாதி பார்வையாளர்களும்.

"மனக்கட்டுப்பாட்டு அணியின் தலைவரே இப்படி என்றால், நம்மை அரசாங்கம்தான் கட்டுப்படுத்தியாக வேண்டும். ஸ்டெல்லா அம்மாவின் அணியே வென்றது" என்றார். கைதட்டியவர்களை நர்ஸ் வெளியே துரத்தினார்.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், என்னை ஆஸ்பத்திரி வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். போன மாதம் எனக்கே பல் வலி. நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"ஒரு பல்தான் டாக்டர். அப்பா என்ன கெஞ்சினாலும் அது ஒண்ண மட்டும் புடுங்குங்க."