பாதியில் வந்த முற்றும்

"அந்தப் படம் கிடைச்சிடுச்சு டீச்சர்" என்று பல் டாக்டர் சொன்னபோது, கண்ணாடிக்காரர் தேநீர்த் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். தட்டு ஆடியது. கோப்பைகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டன.

"எந்தப் படம்?" என்றார், தெரியாதவர் போல.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? டீச்சர் வாராவாரம் சொல்ற படம்தான். பழைய படத்தையெல்லாம் தேடிப் பிடிச்சு நெட்ல போடறாங்களே, அதுல இருக்கு. அடுத்த சனிக்கிழமை இங்கேயே போட்டுப் பார்த்துடலாம்."

கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். பிறகு, "சரி, பார்ப்போம். இவரே போட்டுக் காட்டட்டும்" என்றாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூட்டம் நடக்கும். சமீபத்தில் படித்ததோ கேட்டதோ பார்த்ததோ, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பல் டாக்டருக்கு ஒலிப்புத்தகம். நோயாளியின் பல்லைக் குடையும்போதே நாவலும் ஓடும்.

"நேத்து ஒருத்தருக்கு வேலை முடிஞ்சுது. எழுந்திரிங்கன்னா எழுந்திரிக்க மாட்டேங்கிறார். கொலை பண்ணினது யாருன்னு தெரிஞ்சாகணுமாம். பக்கத்துப் பல்லையும் பார்த்துடுங்க டாக்டர்ங்கிறார். நாவல்னா அது நாவல்."

மருந்துக் கடை அம்மாளுக்குப் புத்தகம் தடியாக இருக்க வேண்டும், படித்தால் அழ வேண்டும். "கடையில உட்கார்ந்து படிச்சு அப்படி ஒரு அழுகை. மருந்து வாங்க வந்தவர் பயந்துபோய், அலமாரியில இருந்து எனக்கே தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டுப் போறார்."

கண்ணாடிக்காரருக்கு இந்தக் கூட்டத்தில் தேநீர் இலாகா மட்டும்தான். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைச் சுவரில், மேலே பெரிதாகத் தொடங்கிக் கீழே போகப் போகச் சிறுத்துவிடும் எழுத்துப் பலகை ஒன்று உண்டு. அதற்குமேல் அவர் எதையும் படித்தவரில்லை.

மனைவியோ எந்தப் புதுப் படத்தைப் பற்றி ஆரம்பித்தாலும் கடைசியில் அந்தப் பழைய படத்தில்தான் வந்து நிற்பாள். "இப்ப வர்ற படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்தையும் அவங்களே விளக்கிடறாங்க. நமக்கு வேலையே இல்ல. அந்தப் படத்துல பாருங்க, கப்பல் முழுகி அவன் செத்துப்போறான். முற்றும்னு போட்டாச்சு. பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் குடையை மடக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றான். யாரும் ஆச்சரியப்படல. அவ பாட்டுக்கு அவனுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறா. செத்தவங்க வீட்டை விட்டு உடனே போயிடறதில்லங்கறதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? அப்படிக் காட்டினானே ஒருத்தன், அவனுக்குக் கோயிலே கட்டலாம்."

அப்போதெல்லாம் கண்ணாடிக்காரர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஏனென்றால் அப்படிக் காட்டியவர் அவர்தான்.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அவர் ஒரு தியேட்டரில் உதவி ஆபரேட்டர். பெரிய ஆபரேட்டர் காய்ச்சலென்று படுத்துவிட்ட நாளில் படப்பெட்டி மழையில் நனைந்து வந்து சேர்ந்தது. ரீல் டப்பாக்களின்மேல் எழுதியிருந்த எண்கள் கரைந்து நீலமாக வழிந்திருந்தன. கீழே கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. குத்துமதிப்பாக எடுத்து மாட்டினார். கடைசி ரீல் நடுவில் ஓடியது. நடுவில் இருந்தது கடைசிக்குப் போனது. 'முற்றும்' வந்ததும் பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போனது. மீதிப் பாதி, கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறதென்று உட்கார்ந்துகொண்டது.

அடிக்க வருவார்கள் என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒரு பெண் இரும்புப் படிக்கட்டில் ஏறி வந்து கதவைத் தட்டினாள். நாலு படி கீழே அவள் தங்கை, இறங்கி ஓடத் தயாராக நின்றிருந்தாள்.

"நேத்து இந்தப் படத்தை ஓட்டினது யாருங்க?"

"நான்தான்" என்றார், கதவைப் பாதி சாத்தியபடியே.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றாள்.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள். கல்யாணமானபின் இரண்டு பேரும் படம் பார்த்துவிட்டுச் சுற்று வழியாக வீட்டுக்கு நடப்பார்கள். வீடு வந்துவிடும், வாக்குவாதம் முடிந்திருக்காது. தெருவை இன்னொரு சுற்றுச் சுற்றுவார்கள். அந்த விளக்குக் கம்பங்களும், மூடிய கடைகளின் வாசலில் படுத்திருக்கும் நாய்களும், அவள் கைகளை வீசி வீசிப் பேசுவதும் இன்றைக்கும் அவருக்குக் கண்ணில் நிற்கின்றன. தியேட்டர் பிறகு மரச்சாமான் கடையாகிவிட்டது. படம் ஓடிய அறையில் இப்போது மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

உண்மையை முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஏறும் வெளிச்சத்தைப் பார்த்தால் அவருக்கு நாக்கு எழாது. பொய் சொல்கிறவனை ரீல் விடுகிறான் என்பார்கள். தன்னைப்போல் அதை எழுத்துக்கு எழுத்து செய்து காட்டிய ஆள் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றும்.

இப்போது ஒரு வாரத்தில் குட்டு உடையப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இணையக் கருவியின் பின்பக்கக் கம்பியை நைசாகப் பிடுங்கிவிட்டார்.

"நெட் போயிடுச்சு. சனிக்கிழமைக்குள்ள வராதாம்" என்றார் மனைவியிடம்.

அவள் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "அதுக்கென்ன டீச்சர், பென் டிரைவ்ல ஏத்திக்கறேன். நெட்னா நடுநடுவுல நிக்கும். இது வெண்ணெய் மாதிரி ஓடும்."

அவர் நேரே டாக்டரிடம் போய், "எங்க டிவி கொஞ்சம் அடம் பிடிக்கும். முன்னாடியே போட்டுப் பார்த்துடறேன்" என்று பென் டிரைவை வாங்கிக்கொண்டார். கடையில் வாடிக்கையாளர் இல்லாத மத்தியானத்தில் கம்ப்யூட்டரில் ஓட விட்டார். ஒருவன் ஒருத்தியைப் பார்க்கிறான், கல்யாணம் செய்துகொள்கிறான், குடையைத் தொலைத்ததற்காகச் சண்டை போடுகிறான், கப்பலேறுகிறான், சாகிறான், முற்றும். வரிசை பிசகாமல் ஓடியது. கண்ணாடிக்காரருக்குக் கொட்டாவிமேல் கொட்டாவி வந்தது. அதைவிடப் பயம் வந்தது. இதைப் பார்த்தால் அவள் முகம் எப்படிப் போகும்? இத்தனை வருஷம் ஊரெல்லாம் சொன்ன பேச்சுக்கு அடியில் ஒரு மழைநாளின் குளறுபடிதான் இருந்தது என்று தெரிந்தால், அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த குடும்பம் என்ன ஆகும்?

அடுத்த தெருவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தரும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்துகிற எடிட்டர் அம்மாள், விஷயத்தைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"தப்பா இருக்கறதைச் சரி பண்ண வருவாங்க. சரியா இருக்கறதைத் தப்பாக்கச் சொல்லி வந்தது நீங்கதான் முதல் ஆள்."

"கடைசித் துண்டை எடுத்து நடுவுல வைக்கணும், அவ்வளவுதான்."

"நடுவுலன்னா எங்க?"

அது அவருக்கே ஞாபகமில்லை. அது முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை பட்டாணியை எடுத்துக்கொண்டார். "அந்தப் படத்துல, முற்றும் போட்டப்புறம் முதல்ல என்ன வரும்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன திடீர்னு?"

"சும்மா. எனக்கும் கொஞ்சம் ரசனை வரட்டுமேன்னு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குடை, தட்டு, ஜன்னல், சண்டை, சாத்திய கதவு, அப்படியே இருட்டு. கைகளை வீசிப் பேசியதில் பட்டாணி கூடமெங்கும் உருண்டது. அவருக்குப் பழைய தெருவும் சுற்று வழியும் ஞாபகம் வந்து, எதற்காகக் கேட்க வந்தோம் என்பதே ஒரு கட்டத்தில் மறந்துபோனது.

"அப்புறம் அந்தக் குதிரை" என்றாள்.

"குதிரையா?"

"மழையில தனியா நிக்குமே, வெள்ளைக் குதிரை. அதுதான் உயிரான இடம். மறந்துட்டீங்களா?"

"அதை மறப்பேனா" என்றார்.

அவருடைய ஆர்வத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவள் அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள். "சனிக்கிழமை நீயும் வந்துடு. உங்க அத்தான் படம் காட்டறார்."

மறுநாள் அவர் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். குதிரை இல்லை. குதிரையின் வால்கூட இல்லை. பழைய பிரதியில் அந்தத் துண்டு தேய்ந்து போயிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எடிட்டர் அம்மாளிடம் போனார்.

"குதிரை ஒண்ணு வேணும்" என்றார், கூச்சத்தோடு.

அந்த அம்மாளுக்கு ஆச்சரியப்படும் கட்டம் தாண்டிவிட்டிருந்தது. "ஒரு பிறந்தநாள் விழா வீடியோவுல குதிரை இருக்கு. கறுப்பு வெள்ளையாக்கி மழை போட்டுடலாம். கவலைப்படாம போங்க, நான் பார்த்துக்கறேன்."

கவலைப்படாம போங்க என்று யாராவது சொன்னால் அவருக்குக் கவலை வரும். ஆனாலும் போனார். சனிக்கிழமை மத்தியானம்தான் வேலை முடிந்து கைக்கு வந்தது. போட்டுப் பார்க்க நேரமில்லை.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. பல் டாக்டரும் மருந்துக் கடை அம்மாளும் முன்னால் உட்கார்ந்தார்கள். மச்சினி தலையணையோடு மூலையில் சாய்ந்துகொண்டாள். எந்தப் படத்திலும் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவது அவள் வழக்கம். கண்ணாடிக்காரர் விளக்கை அணைத்தார். பழைய நாளில் செய்ததுபோலவே, ஒரு கை பொத்தானில் இருக்க, மறு கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

படம் ஓடியது. கப்பல் மூழ்கியது. 'முற்றும்' வந்தது. பல் டாக்டர் எழுந்தார்.

"உட்காருங்க டாக்டர். இன்னும் இருக்கு" என்றாள் மனைவி.

அவன் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். அவள் தட்டு வைத்தாள். மருந்துக் கடை அம்மாள் கைக்குட்டையைத் தேடினார். கண்ணாடிக்காரர் ரிமோட்டை எங்கேயோ வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, மனைவி சொன்னதை அவர் கண்ணால் பார்த்தார். நிஜமாகவே நல்ல படம்தான் என்று தோன்றியது.

அப்போது திரையில், ரோஜாப்பூ வளையத்துக்கு நடுவே, கொட்டை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'சில ஆண்டுகளுக்கு முன்பு…'

பார்க்கிறவர்கள் குழம்பக்கூடாதே என்று எடிட்டர் அம்மாள் நல்ல மனதோடு சேர்த்தது அது. கண்ணாடிக்காரர் ரிமோட்டைத் தேடினார். கிடைப்பதற்குள் மழை வந்தது. மழையில் குதிரை வந்தது. குதிரையின் கழுத்தில் நாலைந்து பலூன் கட்டியிருந்தது. மேலே காகிதக் கிரீடம் வைத்த ஒரு குழந்தை, இறக்கிவிடச் சொல்லி அழுதுகொண்டிருந்தது. அதற்கும் கீழே கடையின் பெயர் ஓடியது: 'சகல விசேஷங்களுக்கும் அணுகவும்.'

"இந்தக் குழந்தை யாரு?" என்றார் மருந்துக் கடை அம்மாள், கண்ணீரோடு. "செத்துப்போனவரோட குழந்தையா?"

"அது எனக்குத் தெரிஞ்ச குழந்தை" என்றார் பல் டாக்டர் மெதுவாக. "போன மாசம்தான் பால் பல் எடுத்தேன்."

மனைவி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விருந்தாளிகள் செருப்பைத் தேடிப்பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினார்கள். கண்ணாடிக்காரர் சமையலறை வாசலில் போய் நின்றார். கதவு இடுக்கில் அவள் முதுகு தெரிந்தது. தோள்கள் குலுங்கின. கதவைத் தள்ளக் கை வரவில்லை. ஒரு மழைநாளில் நடந்ததை மழையோடு விட்டிருக்கக்கூடாதா, குதிரையெல்லாம் எதற்கு என்று தன்னையே நொந்துகொண்டார். இனிமேல் சனிக்கிழமைகளில் அவள் எதைப் பற்றிப் பேசுவாள்? இனிமேல் தன்னிடம் எதற்குப் பேசுவாள்?

"அழவெச்சுட்டேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மூலையிலிருந்து மச்சினியின் குரல் வந்தது. தலையணையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் தூங்கியிருக்கவில்லை.

"சிரிக்கறா அத்தான். அந்தப் படத்துல குதிரையே கிடையாது. நீங்க எதுவரைக்கும் போறீங்கன்னு பார்க்கத்தான் சொன்னா."

அவர் திரும்பினார். "அவளுக்கு எப்படித் தெரியும், கிடையாதுன்னு?"

"மறுநாளும் நாங்க வந்து பார்த்தோமே. அன்னைக்குப் பெரிய ஆபரேட்டர் வரிசையா ஓட்டினார், சகிக்கல. அதான் அக்கா பாதியிலயே எழுந்து, முதல் நாள் ஓட்டினது யாருன்னு தேடிக்கிட்டு மேல ஏறி வந்தா."