உத்தரவு சாமியின் மோதிரம்

உத்தரவு சாமி வருகிறார் என்றதும் தையல் கம்பெனியில் மெஷின்கள் நின்றன. மழையோ காய்ச்சலோ, எதற்கும் ஒரு மெஷினை நிறுத்த விடாத முதலாளி அன்றைக்குத் தன் கையாலேயே மெஷின் லைனை அணைத்தார். இதைவிடப் பெரிய அற்புதத்தை அந்தக் கட்டடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

வாசலில் கூட்டம் நெரிந்தது. பக்கத்துக் கம்பெனி ஆட்கள், எதிர்க்கடைக்காரர், சந்து முனையில் பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லோரும் ஆஜர்.

“ஒரு வீட்ல ஸ்கூட்டர் திருடினவனை, அவன் திருடுறதுக்கு முந்தின நாளே மோதிரம் காட்டிக் குடுத்துச்சாம்” என்றார் பஞ்சர்காரர்.

முந்தின நாளே தெரிந்திருந்தால் வண்டியைப் பூட்டி வைத்திருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் திரும்பினால் நின்ற இடம் போய்விடும்.

கம்பெனியில் காணாமல் போனது ஒரு லேஸ் சுருள். வெளிநாட்டுக்குப் போகிற கவுன்களுக்கு ஓரம் வைக்க வந்த உசத்தியான சரக்கு. அதைக் கண்டுபிடிக்கத்தான் சாமி.

சாமி சொந்தமாக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டார். “உத்தரவு வந்திருக்கு” என்பார். எங்கிருந்து என்றால் விரலை மேலே காட்டுவார். மேலே மின்விசிறி இருக்கும். சரக்கு என்னுடையதில்லை, நான் வெறும் ஏஜெண்ட் என்று சொல்லி விற்கிறவனிடம் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. கடைத்தெருவில் இது பால பாடம்.

பேக்கிங் ஆட்கள் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டு, மேலே வெல்வெட் விரித்து ஆசனம் செய்தார்கள். சாமி உட்கார்ந்தார். பெட்டி கொஞ்சம் முனகியது.

“மோதிரத்தை நான் தொடமாட்டேன். உண்மை உங்க கையாலதான் வரணும். விசுவாசமான ஆள் ஒருத்தர் வாங்க.”

முதலாளி காலர் மாஸ்டரைக் காட்டினார். முதலாளிக்குத் தும்மல் வந்தால் கைக்குட்டையை எடுக்கிறவர் அவர். தையல் நூலில் கட்டிய மோதிரத்தை வாங்கித் தொங்கவிட்டபடி நடுவில் நின்றார். தொழிலாளிகள் சுற்றி நின்றார்கள். மோதிரம் யார் பக்கம் ஆடுகிறதோ அவர்தான் திருடர்.

முதலாளி யாரையும் பார்க்காதவர்போல் ஒருத்தியைப் பார்த்தார். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள் என்று போன வாரம் எல்லோர் முன்னிலையிலும் கேட்டவள். தாழ்ப்பாள் கேட்கிறவள் நாளைக்கு ஜன்னலும் கேட்பாள்.

மோதிரம் நடுங்கியது. ஆடியது. காஜாக்காரியின் பக்கமாகப் போய்ப்போய் வந்தது.

“அண்ணே, நான் எடுக்கலண்ணே!”

“நான் என்னம்மா பண்றது? மோதிரம் போகுது” என்றார் மாஸ்டர்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். “உத்தரவு வந்திருக்கு. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வலது உள்ளங்கையில வைக்கணும். உண்மையான கை சுடாது.”

அந்தக் கைதான் காஜா எடுத்து இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற கை. எல்லோருக்கும் அது தெரியும்.

“சாமி, இந்தப் பாவம் யாரைச் சேரும்?” என்றார் இஸ்திரிக்காரர்.

“உன்னைச் சேராதுப்பா. உத்தரவு குடுத்தவங்களைச் சேரும்.”

அப்பாடா என்று ஒரு மூச்சு ஹால் முழுக்கப் போனது. பாவத்துக்கு வேறு முகவரி கிடைத்துவிட்டது.

இந்தக் கம்பெனியில் யாரும் சட்டை தைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் பட்டன். ‘இந்தச் சட்டையைத் தைத்தது யார்?’ என்று கேட்டால் ஹாலே கையை விரிக்கும். சாமியும் வேலையை அப்படியே பிரித்துக் கொடுத்தார். பட்டன்காரர் பிளக்கைச் சொருகினார். பாக்கெட் தைக்கிறவர் சூட்டைத் திருகினார். “காட்டனுக்கு வைக்கிற சூடுதான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சட்டைக்குக் கை தைக்கிறவள், காஜாக்காரியின் சொந்த நாத்தனார், மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அசையாத அண்ணி, சட்டுனு முடிஞ்சிடும்.”

இஸ்திரிக்காரர் நீள வயரோடு பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர், நேராகக் காஜாக்காரியிடம் போகாமல் செக்கிங் மேஜைக்குப் போய் நின்றார். இஸ்திரியானதும் எந்தப் பீஸும் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். கால் பழகிவிட்டது.

அங்கே இருந்தவள் ரிட்டர்ன் அக்கா. ஒரு நூல் பிசிறினாலும் பீஸைத் திருப்பி எறிகிறவள். அவள் ஓகே சொல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டாது. அவளைப் பிடிக்கும் என்று சொல்கிறவர் அந்த ஹாலில் ஒருவரும் இல்லை.

“அக்கா, ஓகே சொல்லுங்க.”

“எதுக்கு ஓகே?”

“இதுக்குத்தான்.”

அக்கா சூட்டுப் பெட்டியைப் பார்த்தாள். பிடிபட்டிருந்த கையைப் பார்த்தாள். “முதல்ல மோதிரத்தை யாரு செக் பண்ணினது?”

“சாமியையே சோதிக்கிறியா?” என்று உறுமினார் சாமி.

“உங்களை இல்லீங்க. மோதிரத்தை. நீங்கதான் அதைத் தொடவே இல்லையே.”

முதலாளி குறுக்கே வந்தார். “அட விடும்மா. சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“சரிங்க முதலாளி. இனிமே கவுனையும் பார்க்காமலே அனுப்பிடலாம். டெய்லர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

முதலாளிக்குச் சாமி பயம் வேறு, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் பயம் வேறு. “ஒரே ஒரு தடவை பாரு” என்றார்.

அக்கா ஒரு கறுப்பு லைனிங் துணியை எடுத்துக் காலர் மாஸ்டரின் கண்ணைக் கட்டினாள். உதட்டில் விரல் வைத்தாள். காஜாக்காரியை மெல்ல இழுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினாள். அவள் நின்ற இடத்தில் முதலாளியைத் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இப்ப பிடிங்க மாஸ்டர்.”

மோதிரம் ஆடியது. அழகாக, நேராக, முதலாளியின் தொப்பையைக் குறிவைத்து ஆடியது.

“யார் பக்கம் போகுதுன்னு கைக்குத் தெரியுதா மாஸ்டர்?”

“ஏன் தெரியாம! மறுபடி அங்கேயேதான்!” என்று கட்டிய கண்ணோடு கத்தினார் மாஸ்டர். “அந்தத் திருட்டு முழியைப் பார்த்தப்பவே நினைச்சேன்! பிடிச்சு வெளியே தள்ளுங்க!”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று முதலாளியைப் பார்த்தார்கள்.

அக்கா கட்டை அவிழ்த்தாள். மாஸ்டர் முதலாளியைப் பார்த்தார். மோதிரம் செத்துப்போய்த் தொங்கியது.

“அம்மா, நான் ஆட்டலம்மா! என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் ஆட்டல!”

“தெரியும் அண்ணே. முதலாளி கண்ணு அவ மேல போச்சு. உங்க கண்ணு முதலாளி பின்னால போச்சு. கை கண்ணு பின்னால போச்சு. உங்களுக்கே தெரியாம நடந்திருக்கு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.” பிறகு மோதிரத்தை நூலோடு வாங்கி ரிட்டர்ன் கூடையில் போட்டாள்.

சாமிக்கு வியர்த்தது. ஆனாலும் வாய் வியர்க்கவில்லை. “நான் மோதிரத்தைத் தொட்டேனா? யார் பேரையாவது சொன்னேனா? பிளக்கைச் சொருகினேனா? திருகினேனா? எல்லாம் நீங்க பண்ணினது. நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அது யாருக்கும் பிடிக்கவில்லை.

சொல்லிவிட்டு வேகமாக எழுந்தார். வெல்வெட் காலில் சிக்கியது, அட்டைப்பெட்டி கிழிந்தது, உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு சுருள் உருண்டு காஜாக்காரியின் காலடியில் நின்றது. லேஸ்.

“அட, அன்னைக்கு அவசரத்துல காலிப் பெட்டின்னு நினைச்சு நாமதான் மூடி வச்சிட்டோம்” என்றார் பேக்கிங்காரர்.

மூன்று உலகையும் பார்க்கிற கண்ணுக்குத் தான் உட்கார்ந்திருந்த பெட்டி மட்டும் தெரியவில்லை. உட்காருகிற இடத்தில் கண் இல்லை, பாவம்.

கூட்டம் இப்போது சாமியைச் சூழ்ந்தது. இஸ்திரிக்காரர் சூட்டுப் பெட்டியோடு பாய்ந்து வந்து, நின்று, திரும்பிக் கேட்டார். “முதலாளி, இவர் கையில வச்சிடவா?”

ஹாலே முதலாளியைப் பார்த்தது.

ரிட்டர்ன் அக்கா நடந்துபோய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். பட்டன்காரர் இவ்வளவு நேரமும் அதன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

“இதுக்கும் உத்தரவு வரணுமா?” என்றாள்.

சாமி அந்த இடைவெளியில் வாசலைத் தாண்டினார். ஓகே வாங்காமல் அந்த வாசலைத் தாண்டிய முதல் பீஸ் அவர்தான்.

மறுநாள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது. முதலாளி யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாத்தனார் மட்டும் காஜா மெஷின் பக்கம் வந்து நின்றாள்.

“நான் கையை மட்டும்தான் பிடிச்சேன் அண்ணி.”

“சுட இருந்ததும் கையை மட்டும்தான்” என்றாள் காஜாக்காரி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலர் தனி, கை தனி, பட்டன் தனி என்று தைத்தாலும் கடைசியில் வருவது ஒரு முழுச்சட்டை. யாரோ ஒருவர் உடம்பில் ஏறும் சட்டை. அடுத்த முறை எவனாவது விரலை மேலே காட்டினால் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். மின்விசிறிதான் இருக்கும். அதற்கும் சுவிட்ச் கீழேதான் இருக்கிறது, உங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில்.