ஒழுகாது என்று எழுதிய வண்டி

தாராவியில் மழைக்கு ஒழுகாத வீடுகளை எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் என் கைபட்டதாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் வேறு எதற்குச் சொல்வது?) ஆறாம் வகுப்போடு திருநெல்வேலியில் ரயில் ஏறியவன் நான். தகரக் கூரைக்குத் தார் பூச ஆரம்பித்து, மொட்டை மாடிகளுக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் காண்ட்ராக்டர் ஆனேன். அப்படிப்பட்டவனின் சொந்த பிக்கப் வண்டிக்குள் மழை பெய்தது. வீட்டில் உள்ளவர்கள் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டதால் இனி மறைத்துப் பயனில்லை.

வண்டியின் இரண்டு பக்கமும் ‘ஒரு சொட்டு ஒழுகாது, கியாரண்டி’ என்று தமிழிலும் இந்தியிலும் மஞ்சள் எழுத்தில் எழுத வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் இடத்தில், கேந்திப் பூ மாலை போடுவேன். பழைய மாலையை எடுக்க மாட்டேன். புதியதை அதன் மேலேயே போடுவேன். தொழில் செய்கிறவன் வண்டி எப்போதும் நிறைந்து இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அந்த வருடம் முதல் மழையிலேயே இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் நின்றது. அதே வாரம்தான் மாட்டுங்காவில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் செகரட்டரி கூப்பிட்டனுப்பினார். வைத்தியநாதன் சார், ரிட்டயர்டு ஆபீசர், பாலக்காட்டுக் குடும்பம். எட்டுக் கட்டடம், எட்டு மொட்டை மாடி. அதுவரை நான் செய்ததெல்லாம் சில்லறை வேலை. இது கிடைத்தால்தான் பெரிய காண்ட்ராக்டர் என்று நாலு பேர் சொல்வார்கள்.

“செம்பூர்ல நீங்க பண்ணின மாடியை எனக்குக் காட்டுங்கோ. ஆனா நல்லா மழை பெய்யற நாளாப் பார்த்து அழைச்சுண்டு போங்கோ” என்றார்.

மழை நாளில். என் வண்டியில்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பேச்சியம்மாளிடம் டார்ச்சைக் கொடுத்து வண்டிக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். நான் ஸ்டூலில் ஏறி வண்டிக் கூரைமேல் வாளி வாளியாக ஊற்றினேன்.

“ஏளா, வருதா?”

“வரல.”

“இப்ப?”

“வரலங்கேன்லா! அந்தக் கண்ணாடிக்குக் கீழ, பூ கெடக்குத எடத்துல ஊத்துங்க.”

“முப்பது வருசமா ஒழுகல் பாக்குதவன் நானா, நீயா? தண்ணி மேல இருந்துதான் வரும்.”

“அப்ப நீங்களே உள்ள உக்காந்து வேகுங்க” என்று டார்ச்சை சீட்டில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

தாராவிக் கூரைக்கு என்ன வைத்தியமோ அதையே வண்டிக்கும் செய்தேன். கூரை முழுக்கத் தார் ஷீட் ஒட்டினேன். கண்ணாடியைச் சுற்றி சிலிகான் பசை. பிறகும் மனம் அடங்கவில்லை. குனிந்து பார்த்தால், கதவுகளின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்! வண்டி செய்தவனின் கவனக்குறைவை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே எல்லாவற்றையும் தாரால் அடைத்தேன். அடுத்த மூன்று நாளும் விடாத மழை.

நாலாம் நாள் வைத்தியநாதன் சார் வெள்ளைச் சட்டையும் கையில் ஃபைலுமாக வண்டியில் ஏறினார். கதவைச் சாத்தியதும் ‘களுக்’ என்றது.

“என்ன சத்தம்?”

“டீசல் சார். டேங்க் ஃபுல்.”

“டேங்க் கதவுக்குள்ளயா இருக்கு?”

நான் ஹாரன் அடித்தேன். (முன்னால் யாரும் இல்லை.)

சயான் சிக்னலில் மழை வலுத்தது. கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. “ப்ளோயரைப் போடுங்கோ” என்றார். நான் ப்ளோயர் போடுகிற ஆள் இல்லை, ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆனால் இன்றைக்கு வசதி காட்ட வேண்டிய நாள். ஒரேயடியாக மூன்றாம் நம்பரில் வைத்தேன்.

முதலில் வண்டி இருமியது. அடுத்து செகரட்டரியின் பக்கத்துக் காற்றுத் துவாரம் ஜன்னி வந்தது போல உதறி, அழுகின கேந்திப் பூவும் கறுப்புத் தண்ணீருமாக நேரே அவர் மார்பில் துப்பியது. நிறுத்துகிற அவசரத்தில் தப்பான பக்கம் திருகி நாலாம் நம்பரில் வைத்தேன். அது முகத்துக்கு வந்தது.

வைத்தியநாதன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புருவத்தில் ஒட்டியிருந்த இதழை எடுத்துப் பார்த்தார்.

“முத்து, இது உங்க கியாரண்டியில வருமா?”

பக்கத்திலேயே தாராவி. வேறு வழி தெரியாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பேச்சியம்மாள் அவருக்குத் துண்டும் டீயும் கொடுத்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை, அவர் சட்டையைப் பார்த்தாலே போதும். நேரே ஒரு வாளித் தண்ணீரோடு போய்க் கண்ணாடிக்குக் கீழே இருந்த சல்லடைமேல் ஊற்றினாள். உள்ளே சீட்டுக்கு முன்னால் அருவி கொட்டியது.

தோசைக் கரண்டியால் சல்லடையை நெம்பி எடுத்தாள். என் வெள்ளிக்கிழமைகள் அத்தனையும் உள்ளே மக்கிக் கிடந்தன. தண்ணீர் இறங்கும் வழி, ப்ளோயருக்குக் காற்று போகும் வழி, மொத்தமும் பூ. நடுவில் இரண்டு விரல் உயரத்துக்குக் கேந்திச் செடி ஒன்று முளைத்து நின்றது.

அடுத்துக் கொண்டை ஊசியை உருவிக் கதவடியில் இருந்த தாரைக் குத்தினாள். ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. செகரட்டரி டீ கிளாசோடு காலைத் தூக்கிக்கொண்டார்.

“கதவுக்குள்ள போற தண்ணி வெளிய போவதுக்குன்னு வச்ச ஓட்டை. அதப் போயி அடைச்சிருக்கியளே” என்றாள் என்னிடம்.

அவர் அவளைப் பார்த்துக் கேட்டார். “ஏம்மா, எங்க மாடியில நாலு மூலையிலயும் மழைத்தண்ணி இறங்கற குழாய் இருக்கு. இவர் அதையும் அடைச்சுடுவாரோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: “நான் பாத்துக்கிடுதேன் சார்.”

“அப்ப சரி” என்று டீயைக் குடித்து முடித்தார்.

எட்டு மாடியும் எனக்குத்தான் கிடைத்தது. சொசைட்டி அனுப்பிய காகிதத்தை மகள் வாசித்துக் காட்டினாள். கடைசி வரியில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை: ஒவ்வொரு மாடியையும் திருமதி பேச்சியம்மாள் நேரில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும். பேச்சியம்மாள் எட்டு மாடியும் ஏறினாள், வாளியோடு. இரண்டாவது கட்டடத்தில் ஒரு குழாய் வாயில் தார் இருந்தது. (அது தவறி விழுந்த தார்.)

அன்றிலிருந்து நான் எந்த வேலை முடிந்தது என்று சொன்னாலும் என் ஆட்கள் சாமான்களைக் கட்டுவதில்லை. “அக்கா பாத்தாச்சா?” என்பார்கள். வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. போன வாரம் ஊறுகாய் பாட்டிலை மூடி அலமாரியில் வைக்கப் போனேன். பேத்தி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள், “தாத்தா, ஆச்சி பாத்தாச்சா?”

பாட்டிலைப் பேச்சியம்மாளிடம் நீட்டினேன். அவள் மூடியைப் பிடித்துத் திருகினாள்.

இன்னும் அரைச் சுற்று போயிற்று.