நீல மாப்பிள்ளை

முதலில் மன்னித்துவிடுங்கள். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள், நாலு பேர் கூடினால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவள், எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்ல முடிந்தால் எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் கெட்டுப்போனது என்றே சொல்கிறார்கள். அது கெடவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எனக்கு வரவேற்பாளர் வேலை. (வருகிறவர்களை நிமிர்ந்தே பார்க்காத வரவேற்பாளர்.) மதியச் சாப்பாட்டு நேரத்தில் காலியாக இருக்கும் கணினியில் நானாகப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். சென்டர் கழித்துவிட்ட ஒரு பழைய கணினியும் கறுப்பு வெள்ளைத் திரையும் வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் இருந்தன.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் வரவேற்பு முதல் நாள் மாலை, தாலி மறுநாள் காலை. வரவேற்பில் மாப்பிள்ளை, பெண் படங்கள் திரையில் இருட்டிலிருந்து மெதுவாக மலர்ந்து வரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. வந்தவர்களிடம் சிரித்துப் பேசத் தெரியாதவள், இதையாவது செய்யலாம் என்று பட்டது.

இன்று கைப்பேசியே இதைச் செய்துவிடும். அந்தக் கணினியிலோ ஆயத்தக் கட்டளைகளைக் கொடுத்தால், மூக்கு வருவதற்குள் விருந்தினர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். அதனால் திரைக்குப் படத்தை அனுப்பும் வீடியோ கார்டின் நினைவகத்திலேயே நேராகப் புள்ளிகளை எழுதினேன். நிறங்களையும் நானே கார்டுக்கு அனுப்பவேண்டும். ஒரு நிறத்துக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். படக்கோப்பில் அவை 255 வரை போகும். கார்டுக்கு 63தான் உச்சம். எல்லோரும் சறுக்கும் இடம் அது. நான் மறக்காமல் நான்கால் வகுத்தேன். அந்தப் பெருமையில் கொஞ்ச நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

சறுக்கியது அதற்குப் பக்கத்து வரியில். படக்கோப்பு அந்த எண்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். கார்டு சிவப்பிலிருந்து தொடங்கும். நான் வந்ததை வந்தபடியே அனுப்பினேன். என் கறுப்பு வெள்ளைத் திரையோ கார்டிலிருந்து பச்சையை மட்டும் வாங்கிக்கொள்ளும் ரகம். வரிசை தலைகீழானாலும் பச்சை நடுவில்தானே இருக்கும்? வீட்டில் படம் கண்ணாடி மாதிரி வந்தது.

கலர் திரையை சென்டரில் இரவல் கேட்டிருந்தேன். அது வரவேற்பன்று மாலைதான் ஆட்டோவில் நேராக ராஜகீழ்ப்பாக்கம் மண்டபத்துக்கு வந்தது. பிளக் பாயின்ட் மண்டபத்தின் கடைசியில், சாப்பாட்டுக் கூடத்து வாசலருகே ஒன்றுதான் காலியாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கணவர் போய் ஒரு வருடம் முடிந்திருந்தது. என் அம்மா எவ்வளவு கூப்பிட்டும் மேடைப் பக்கம் வர மறுத்து, கடைசி வரிசை நாற்காலியில் தனியாக இருந்தார். பாவம், அவராவது கிட்டத்திலிருந்து பார்க்கட்டும் என்று திரையை அவருக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.

மாப்பிள்ளை இருட்டிலிருந்து மெதுவாக மலர்ந்தார். நீலமாக. கன்னம் நீலம், உதடு இன்னும் கருநீலம். நிறுத்துவதற்கு ஒரு விசைகூட நான் வைத்திருக்கவில்லை. (நிறுத்தத் தோன்றும் என்று யார் கண்டது?) அடுத்து அக்காவும் நீலமாக வந்தாள். மறுபடியும் மாப்பிள்ளை.

அந்த அம்மா கத்தவில்லை. எழுந்தார், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவருடைய தம்பி, பம்மலில் லேத் பட்டறை வைத்திருப்பவர், என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? மாப்ள மூஞ்சி இப்டி கீது?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இதயம் நின்றுபோன அன்று முகமும் உதடும் இதே நிறத்துக்குப் போயினவாம். அவருடைய அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எனக்கு எல்லாவற்றையும் விளக்கவேண்டும் போலிருந்தது. வரிசை, கார்டு, என் வீட்டுத் திரை, எல்லாம். தொண்டையிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்.

"பச்சை சரியாத்தான் இருக்கு, சார்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் வர்ணிக்க முடியாது. நேராக என் அப்பாவிடம் போனார். "எங்க அக்கா மனசு ஒடஞ்சி போச்சு. சகுனம் சரியில்ல, நாளிக்கி தாலி வாணாம்ன்து." மேடையில் என் அக்கா ஒன்றும் தெரியாமல் போட்டோகிராபருக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் வந்த இரண்டு வரன்கள் நிச்சயத்துக்கு முந்தியே நின்றுபோயிருந்தன. இது இங்கே நின்றால் அவள் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் கணினியோடு சேர்த்து என்னையும் யாராவது பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டால் தேவலை என்று நின்றேன்.

அந்தத் தம்பியே மேடைக்குப் போய்க் காதில் சொல்ல, மாப்பிள்ளை மாலையோடே இறங்கி வந்தார். தன் அம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்து திரையைக் காட்டினார். அது நிச்சயதார்த்தத்தில் மாலையோடு எடுத்த படம்.

"மாலையப் பாரும்மா. நீதானே வாங்கிட்டு வந்த? சிவப்பு ரோஜா. அதுவும் நீலமாத்தான் இருக்கு. ரோஜாவுக்கும் ஹார்ட் அட்டாக்கா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. குனிந்து, மகனின் உதட்டைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். இரண்டு முறை. பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "நடக்கட்டும். தாலி கட்டுற நேரத்துல அந்தப் பொட்டி மட்டும் இங்க இருக்கக் கூடாது."

அன்றிரவு அதைத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் தைரியம் வரவில்லை. பிளக்கைப் பிடுங்கி, மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடினார்கள்.

இன்றுவரை எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தாலும், மாடியில் தண்ணீர் ஒழுகினாலும், அக்கா மகன் பரீட்சையில் கோட்டை விட்டாலும் யாராவது ஒருவர் "பச்சை சரியாத்தான் இருக்கு" என்பார்கள். அத்தான்தான் அதிகம் சொல்வார். அவருடைய அம்மா போன வருடம் தவறிப்போகும் வரை இதற்குச் சிரித்ததே இல்லை. அவர் இருக்கும்போது நானும் சிரித்ததில்லை.

மறுநாள் காலை முகூர்த்தம் குறித்த நேரத்தில் நடந்தது. ஒயர்களைக் கழற்றத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அதற்கு முன்பே கணினியை நானே ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். திரும்பி வந்தபோது பந்தியில் இலை போட்டிருந்தார்கள்.