மாமாவின் எட்டுக்கு வாங்கிய பாற்கட்டி

துக்க வீட்டில் உருப்படியாக ஒரு வேலையும் செய்யத் தெரியாதவன் சும்மா இருந்தால் எவருக்கும் தீங்கில்லை. அவன் பயன்பட விரும்பும்போதுதான் துக்கம் இரட்டிக்கிறது. என் மாமனாரின் எட்டுச் செலவன்று ஒரு குடும்பமே இவ்வுண்மையை அறிந்துகொண்டது, அறிவித்தவன் நான்.

மாமா ஜெயபுரத்தில், தம் வயல் வரம்பிலேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர் எழவில்லை. ஊரார் பந்தல் போட்டனர், வந்தவர் அமரக் கதிரைகள் சுமந்தனர். மைத்துனன் சுதன் கொள்ளி வைத்தான். தமிழாசிரியனாகிய நான் மரண அறிவித்தலில் இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். (எவரும் நன்றி சொல்லவில்லை.)

எட்டாம் நாள், இறந்தவர் விரும்பி உண்டவற்றையெல்லாம் ஆக்கி, பொழுதுபடும் வேளையில் வாழையிலையில் படைக்கும் எட்டுச் செலவு எங்கள் வழக்கம். அன்று நிறைவாக உண்டவர் நிறைவாகப் போய்விடுவார். குறை வைத்தால் வாசற் படலையை விட்டு அகலமாட்டார் என்பார்கள். ஆகவே காலையிலேயே குசினியில் கதை தொடங்கிற்று. கணவாய்க் கறி, இறால் பொரியல், முட்டை என்று சுதன் சொல்லிக்கொண்டிருக்க, என் மனைவி வதனி விம்மினாள்.

“அப்பாவின்ர சீஸ்?”

வீடே அழுதது. மாமாவுக்கு அந்த ஒரு பித்து இருந்தது. கிளிநொச்சிக்குக் கிளினிக் போகும் நாள்களில், அங்குள்ள பல்பொருள் அங்காடியில் விலை குறைத்துப் போட்டிருக்கும் பாற்கட்டியில் ஒரு துண்டு வாங்கி வருவார். பையை உயர்த்திக் காட்டி, “இது இல்லாட்டி எனக்கு நித்திரை வராது” என்று தெருவுக்கே சொல்வார். பிறகு குசினிக்குள் கொண்டுபோவார், கதவு சாத்தப்படும். “இந்த வயதில் இதென்ன நாக்கு!” என்று நான் ஒருமுறை வதனியிடம் இகழ்ந்ததுண்டு. அந்த நினைவு இப்போது குத்தியது.

“நான் வாங்கி வருகிறேன்” என்றேன்.

“எந்தச் சீஸ் எண்டு உங்களுக்குத் தெரியுமே அத்தான்?” என்றான் சுதன்.

“கண்டுபிடித்துவிடலாம்.” (வாழ்நாளில் நான் அதுவரை உண்டிருந்தது, வெள்ளித்தாளில் சுற்றிய முக்கோணத் துண்டு ஒன்றே.)

மூலையில் வெள்ளைச் சேலையோடு இருந்த மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “நீங்கள் கதைக்காதேங்கோ அம்மா, பிறகு மயக்கம் வரும்” என்று வதனி அவரை அணைத்து அடக்கிவிட்டாள்.

அங்காடியின் குளிர்ப்பெட்டியில், பாதி விலைச் சீட்டு ஒட்டிய துண்டுகள் நான்கு வகையில் கிடந்தன. எது மாமாவினது என்று தெரியாமையால் நான்கையும் எடுத்தேன்.

“ஐயா, திகதி முடியப் போகுதெண்டுதான் இந்த விலை. இண்டைக்கே சாப்பிட்டிடுங்கோ” என்றாள் விற்பனைப் பெண்.

“நான் சாப்பிடுவதற்கில்லைப் பிள்ளை. செத்தவர் சாப்பிட.”

அவள் அதன்பின் பொருளை மட்டும் தள்ளினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

பேருந்து வரும்வரை ஒரு மரநிழலில் அமர்ந்து ஆராய்ந்தேன். சுவைத்துப் பாராமல் தெரிந்தெடுக்க இயலாது; சுவைத்ததைப் படைக்கவும் கூடாது. இந்தத் தருமசங்கடத்தை என் கல்வி உடனே தீர்த்து வைத்தது: ஒவ்வொன்றிலும் படையலுக்குரிய பாதியை முதலிலேயே வெட்டி ஒதுக்கிவிட்டால், எஞ்சிய பாதியை உண்பது குற்றமாகாது. ஏழு நாள் மரக்கறிச் சோறு உண்டிருந்த நாக்கு அந்தத் தீர்ப்பை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.

முதலாவது, புகையூட்டியது. ஈரவிறகு எரியும் குசினியில் மூடாமல் காய்ச்சிய பாலின் மணம் அதில் இருந்தது. இரண்டாவது, உப்புநீரில் ஊறிய வெள்ளைத் துண்டு. ஆனையிறவு உப்பளக் காற்றை வாயைத் திறந்து வாங்கியதுபோல் முதலில் உப்பு. அது கரைந்தபின் மெல்லிய புளிப்பு. மூன்றாவது, மஞ்சளாய் இறுகியது. பல்லில் பொடிந்து, வறுத்த கச்சான் கடலையாய் மணந்தது. நான்காவதில் நீலநரம்பு ஓடிக்கிடந்தது. முகர்ந்தபோது மழையில் நனைந்த சாக்கு. நாக்கில் வைத்தபோது காரம். விழுங்கியபின்னோ, நெய்யை உருக்கி நெஞ்சில் வார்த்தாற்போல் ஒரு நீண்ட இனிமை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமாவை இகழ்ந்தேனே என்று நெஞ்சு கரைந்தது. கரைந்தபடியே நான்கின் எஞ்சிய பாதிகளையும் உண்டு முடித்தேன்.

கதவைச் சாத்தி உண்ணத்தக்கது இந்த நீலநரம்புதான் என்று முடிவு செய்தேன்.

வன்னி வெயில் பாற்கட்டியின் தகுதியைப் பார்ப்பதில்லை. பேருந்து பாதிவழி வருமுன்னே பை பேசத் தொடங்கிவிட்டது. நடத்துநர் மூக்கைச் சுளித்தார்.

“ஆரப்பா அது? மீன்பெட்டியை மேலை ஏத்தச் சொன்னனான் எல்லோ!”

நாச்சிக்குடாவுக்குத் திரும்பும் மீன்காரப் பெண் எழுந்தே விட்டாள். “என்ர பெட்டி வெறும் பெட்டி. கழுவிப்போட்டுத்தான் ஏறினனான். உந்த வேட்டி கட்டின ஐயாவின்ர மடியில கிடக்கிற பையைப் பாருங்கோ!”

பேருந்து முழுவதும் என்னைப் பார்த்தது.

“என்ன ஐயா பைக்குள்ள?”

அவையில் பேசிப் பழகிய என் நா அப்போது குழறிற்று. “அது... மாமா. மாமாவுக்கு... அவர் செத்து இன்றைக்கு எட்டு நாள்.”

எனக்கு முன்னும் பின்னும் இருந்த இருக்கைகள் வெறுமையாயின. ஒரு கிழவர் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார். ஜெயபுரத்தில் இறங்கினேன்.

பொழுதுபட்டது. விளக்கேற்றி, மாமாவின் படத்தின் முன் தலைவாழையிலை விரித்தார்கள். கணவாய்க்கும் இறாலுக்கும் நடுவில், நான் என் கையாலேயே நீலநரம்புத் துண்டை வைத்தேன்.

“அத்தான், இது பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு” என்றான் சுதன்.

“பூஞ்சணமன்று. முதிர்ச்சி” என்றேன்.

அப்பொழுதுதான் மாமாவின் அக்கா, முல்லைத்தீவிலிருந்து வந்து சேர்ந்த பெரியமாமி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி இலையைக் குனிந்து பார்த்தார்.

“என்ன உது?”

“மாமாவுக்கு மிக விருப்பமான பாற்கட்டி.”

“ஆருக்கு? என்ர தம்பிக்கோ? பால்தேத்தண்ணி குடிச்சாலே வயித்தாலை அடிக்கிறவன் அவன்! வாத்தியார், செத்தபிறகும் அவனை ஓடவிடப் போறியளே?”

எவரோ சிரிக்கத் தொடங்கி, துக்க வீடு என்பது நினைவுக்கு வந்து, இருமினார்.

“அது எனக்கு” என்றார் மாமி.

எல்லோரும் திரும்பினோம். எட்டு நாளில் அவர் முழுதாகச் சொல்லி முடித்த முதல் வார்த்தை அது. “மிதிவெடி எடுக்க வந்த வெள்ளைக்காரருக்கு நான் சமைக்கப் போன காலம் பழகினது. சம்பளத்தில ஒருக்கா வாங்கிக்கொண்டு வர, துரைசாணி வாறா எண்டு சந்தியில நிண்டு சிரிச்சவை. அண்டைக்குப் பிறகு அந்த மனுசன் தனக்கெண்டு சொல்லித்தான் வாங்கிக்கொண்டு வரும். கதவைச் சாத்திப்போட்டு, நான் தின்னுமட்டும் பாத்துக்கொண்டு இருக்கும். காலமை சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் விடேல்லை.”

“அப்ப என்ர தம்பிக்கு விருப்பமானது இந்த இலையில என்ன கிடக்கு?” என்றார் பெரியமாமி.

ஒன்றுமில்லை. மாமாவுக்கு உயிர், பழஞ்சோறும் வெங்காயமும் பச்சை மிளகாயும். அவை விருந்துக்குரியன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் இன்னும் படலையில் நின்றுகொண்டிருப்பார் என்ற எண்ணம் எல்லார் முகத்திலும் இருண்டது. மாமி எழுந்து போய், சட்டியில் கிடந்த முதல்நாட் சோற்றைப் பிழிந்து கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். வைக்கும்போதுதான் அழுதார். படையல் முடிந்தபின், நீலநரம்புத் துண்டை எடுத்து, கதவைச் சாத்தாமல், எல்லாரும் பார்க்க உண்டார்.

“எப்படி மாமி?” என்று கேட்டேன். (கேட்டிருக்க வேண்டியதில்லை.)

“பரவாயில்லைத் தம்பி. அவர் இதைவிட நல்லதாப் பாத்து வாங்குவார்.”

அந்த வேலை இப்போது என்னுடையது. மாதந்தோறும் பையை உயர்த்திக் காட்டி, “இது இல்லாவிட்டால் எனக்கு உறக்கம் வராது” என்று சந்தியில் அறிவிக்கிறேன். எவரும் நம்புவதில்லை. அதே நடத்துநர், நான் ஏறும்போதெல்லாம், “ஐயா, இண்டைக்கும் மாமா வாறாரோ?” என்று கேட்கிறார்; பேருந்து சிரிக்கிறது. வீட்டில் பிள்ளைகளும் அதைச் சொல்லியே என் பையை வாங்குகிறார்கள்.

மாமாவின் ஆண்டுத் திவசத்தில் இலை நடுவே பழஞ்சோறு இருந்தது. அதன் ஓரத்தில் மாமி ஒரு சிறு துண்டு நீலநரம்பையும் வைத்தார். பெரியமாமி பதறிப்போனார்.

“இதென்னடி, திரும்பவும்? அவன் தின்னமாட்டானெல்லோ!”

“தின்னுறதுக்கில்லை மச்சாள்” என்றார் மாமி. “அங்கை போயும் அந்த மனுசன் எனக்கு வாங்கிக்கொண்டு வர மறந்துபோடக்கூடாது எண்டுதான்.”