கடலண்ணை நீந்திய நூறு சுற்று

ஜெர்மனியிலேயே தண்ணீரைப் பற்றி மிக அதிகம் பேசியவரும், அதில் மிகக் குறைவாக இறங்கியவரும் எங்கள் ஹம் நகரத்துக் கடலண்ணைதான். வாலிபத்தில் பருத்தித்துறையிலிருந்து வேதாரணியத்துக்கு நீந்திப்போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினாராம். ஒவ்வொரு கலியாணவீட்டிலும் அந்தக் கதையில் அலை இன்னும் கொஞ்சம் உயரும். மனைவியோ, "இவர் வாளித் தண்ணிக்கே கண்ணை மூடுற ஆள்" என்பார்.

வன்னியில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஹம் நகரத் தமிழர்கள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். எல்லோரும் உருக்கமாகப் பேசினார்கள். ஒருவரும் பணப்பையைத் தொடவில்லை. அண்ணை எழும்பினார்.

"நான் நீச்சல் குளத்தில நூறு சுற்று நீந்துறன். சுற்றுக்கு எவ்வளவு தாறியள், சொல்லுங்கோ!"

மண்டபம் கலகலத்தது. நடக்காத காரியத்துக்கு அள்ளிக் கொடுப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. பலசரக்குக் கடைக்காரர், "சுற்றுக்கு இருபது யூரோ!" என்றார் வள்ளல்போல. முதல் சுற்றிலேயே அண்ணை மூழ்கிவிடுவார் என்ற நம்பிக்கை.

அண்ணை, மொழிபெயர்க்கக் கூட்டிப்போன என்னைத் தவிர ஒருவருக்கும் சொல்லாமல், நீச்சல் தொடக்க வகுப்பில் சேர்ந்தார். சக மாணவர்களுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த பருவம். இடுப்பளவு தண்ணீரில் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றவரிடம், பயமா என்று பயிற்சியாளர் பெண்மணி கேட்டார். பதற்றத்தில் அண்ணைக்கு ஜெர்மன் வராது.

"பயமில்லை எண்டு சொல்லு தம்பி. இந்தத் தண்ணியில உப்பில்லை, மிதக்க ஏலாமக் கிடக்கு."

"பயம்தான்" என்று மொழிபெயர்த்தேன்.

குளிர்காலம் முழுக்கப் போனார். வயிறு நிறையக் குளோரின் தண்ணீர் குடித்துவிட்டு, மூக்கால் ஒழுகவிட்டபடி வீடு திரும்புவார்.

நீந்தும் நாளன்று சனம் திரண்டு வந்தது, அவர் மூழ்குவதைப் படம்பிடிக்க. அண்ணை கிணற்றில் இறங்குபவர்போல ஏணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். அது எந்த வகை நீச்சல் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தண்ணீரோடு அடிபிடிப்பட்டுக்கொண்டே போனார். ஆனால் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

முதலில் கைதட்டிய கடைக்காரருக்கு, பாதி தாண்டியதும் திடீரென்று அக்கறை பொங்கியது.

"அண்ணை, நீந்தினது காணும்! நெஞ்சு நோகப்போகுது, ஏறுங்கோ!"

"இப்பதானே சூடேறுது!"

கடைக்காரர் கதிரையில் சரிந்தார். வேறு சில வள்ளல்களுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

நூறும் முடிந்தது. ஏணியில் அவருக்குக் கால் எழவில்லை. பயிற்சியாளரும் நானும் தூக்கித்தான் கரையோர மரவாங்கில் இருத்தினோம். உதடு நீலம் பாரித்து, பல் கிடுகிடுத்தது.

"தம்பி, கூரை போடலாமோ?"

"போடலாம் அண்ணை."

"சனம் காசு தராட்டி?"

"தருவினம்."

"தராட்டி, அடுத்த கிழமையும் நீந்துவன் எண்டு சொல்லிப் பயப்படுத்து."

சிரித்துக்கொண்டே என் துவாயை எடுத்து, பிள்ளைக்குத் துடைப்பதுபோல அந்த ஈரத் தலையைத் துடைத்துவிட்டேன். அண்ணை தலையைக் குனிந்து கொடுத்தார்.