மீசைக்காரர் நடத்திய கார் பாடம்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே கூடாது என்று உறுதியாக முடிவெடுத்தேன். அதை அவளிடம் சொல்லும் தைரியம் மட்டும் வரவில்லை.

"ஏங்க, நான் கார் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றாள் ஒரு நாள் காலையில். 'கத்துக்கட்டுமா' இல்லை. 'போறேன்'. எங்கள் வீட்டில் கேள்விக்குறி எல்லாம் என் பங்கு.

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே?"

"அதனாலதான்."

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. முன்னால் போகச் சொன்னால் உலகத்தையே சுற்றி வருவேன். பின்னால் என்றால் கை ஒரு பக்கம், கார் ஒரு பக்கம். எங்கள் தெருவோ குறுகல். காரைப் பின்பக்கமாகத்தான் கேட்டுக்குள் நுழைக்க முடியும்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். தெருமுனையில் பால் கடை. அங்கே நிறுத்தி, "நீ இறங்கிப் பால் வாங்கிட்டு வா, நான் வண்டியை நிறுத்திட்டு வரேன்" என்பேன். அவள் வருவதற்குள் முட்டி, மோதி, வேர்த்து விறுவிறுத்து ஒரு வழியாகக் காரை உள்ளே தள்ளிவிட்டு, சட்டையை உதறிக்கொண்டு நிற்பேன். பின்னால் புதுக் கீறல் தெரிந்தால், "எவனோ இடிச்சிட்டுப் போயிருக்கான்!" கல்யாணமானதிலிருந்து அந்த எவன் என் காரை மட்டுமே குறிவைத்துத் திரிகிறான். வீட்டில் பால் ஆறாக ஓடியது. எங்கள் பூனைக்குத் தொப்பை விழுந்தது.

அவள் ஓட்டக் கற்றால் குட்டு உடைந்துவிடும். ஆனால் நான் யார்? இணையத்தில் வரும் பாடங்களை எடைபோடுவதுதான் என் தொழில். விளக்கம் புரிகிறதா, பயிற்சி உண்மையாகவே கற்றுத்தருகிறதா, சும்மா கைதட்டி ஏமாற்றுகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவேன். நல்லது எது என்று தெரிந்தவனுக்குப் படுமோசமானது எது என்றும் தெரியும் அல்லவா?

மீசைக்காரர் ஒருவர் நடத்தும் கார் பாடம் என் நினைவுக்கு வந்தது. நான் போட்ட மதிப்பெண்களிலேயே கடைசி. முதல் பாதி அவருடைய சுயசரிதை. மறுபாதி திரையில் ஒரு ஸ்டியரிங். ரிவர்ஸ் பயிற்சியில் அதைச் சரியாகத் திருப்பினால் கார் சுவரில் முட்டும். தப்பாகத் திருப்பினால் கைதட்டல் கேட்கும். 'ஓட்டத் தெரிந்தவருக்கும் மறந்துவிடும்' என்று நானே அறிக்கை எழுதியிருந்தேன்.

"இதைப் பாரு. இதை மிஞ்ச ஒண்ணு கிடையாது" என்றேன்.

"அவ்வளவு நல்லா இருக்குமா?"

"குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜையில் பாடம். தட்டுதான் ஸ்டியரிங். மீசைக்காரர் சொன்னபடியே தப்புத் தப்பாகத் திருப்புவாள். 'அந்தப் பக்கம் இல்லடி!' என்று கத்த வாயெடுப்பேன். பிறகு எந்தப் பக்கம் என்று எனக்கே சந்தேகம் வந்து வாயை மூடிக்கொள்வேன்.

அத்தோடு விட்டாளா? பக்கத்து வீட்டு அக்காவிடம் மதில் வழியாகப் பெருமை வேறு.

"எல்லாம் இவர் தேடிக் குடுத்த பாடம்க்கா. எனக்காகப் பார்த்துப் பார்த்து எடுத்தார்."

"குடுத்து வச்சவ நீ! எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே" என்றார் அக்கா.

உலகத்துக்கெல்லாம் நல்ல பாடத்தைப் பொறுக்கிக் கொடுக்கிறவன், கட்டினவளுக்குக் குப்பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் அதை நம்பித் தட்டைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

ஞாயிறன்று நான் வாயைத் திறப்பதற்குள் சாவியை எடுத்துவிட்டாள். "வாங்க, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கார் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம்தான் அதிகமானது. திரும்பி வரும்போது ரிவர்ஸ் காத்திருக்கிறதே!

"இதோ பாரு, ஒண்ணு சொல்லணும். அந்த மீசைக்காரர் பாடம் சுத்த மோசம். நீ கத்துக்கக் கூடாதுன்னு நான் வேணும்னேதான்..."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. நம்ம கல்யாண ஆல்பத்தையே வெளிச்சம் பத்தலைன்னு சொன்ன மனுஷன் நீங்க. ஒரு பாடத்துல குறையே இல்லைன்னா நம்புவேனா?"

"அப்போ தட்டு?"

"அது உங்க முகம் போற போக்கைப் பார்க்க."

"பின்ன எதுல கத்துக்கிட்டே?"

"ஒரு வாரம் உட்கார்ந்து திட்டினீங்களே, கண்டிப்பான டீச்சரம்மா பாடம்னு. அதுலதான். நிஜ வண்டி, அக்காவோட வண்டி. மைதானத்துல பழகினேன். லைசென்ஸும் வந்தாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த டீச்சரம்மா பாடத்துக்கு நான் சுழியம் போட்டிருந்தேன். ரிவர்ஸ் சரியாக எடுக்கும்வரை அடுத்த பாடத்துக்கு விடவே விடாது. என்னை விடவே இல்லை.

"'அடுத்த பாடம்' பொத்தான் வேலை செய்யலைன்னு அறிக்கையில எழுதினீங்களாமே? எனக்கு நல்லாத்தான் வேலை செஞ்சுது" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி.

நான் சீட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கார் தெருமுனையில் நின்றது.

"இறங்கிப் பால் வாங்கிட்டு வாங்க. நான் வண்டியை நிறுத்திட்டு வரேன்."

"வீட்லதான் பால் இருக்கே?"

"எப்பவுமேதான் இருந்துச்சு."

இறங்கினேன். கார் போய், நின்று, ஒரே வளைவில் பின்பக்கமாகக் கேட்டுக்குள் போய் உட்கார்ந்தது. கடை வாசலிலிருந்து அத்தனையும் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் குப்பென்று வேர்த்தது.

பால்காரர் ஒரு ஸ்டூலைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க சார். நீங்க வண்டி நிறுத்தறப்ப உங்க வீட்டம்மா இதுல உட்கார்ந்துதான் பார்ப்பாங்க."